ஒரு சாண் சிவப்பு ஒயர்

ஏல, இந்தக் கடிதத்தை உன் அம்மா கையில் கொடுத்தனுப்புகிறேன். என் கையெழுத்தைப் பார்த்ததுமே கிழித்துப் போட உனக்குத் தோன்றும். கிழி, வேண்டாமென்று சொல்லவில்லை. படித்துவிட்டுக் கிழி. மூன்று வருஷமாக நீ என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. கழக்கூட்டத்து ஃபிளாட்டிலிருந்து நீ அம்மாவைக் கூப்பிடும்போதெல்லாம் நான் அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருப்பேன். 'அப்பா இருக்காங்களா' என்று ஒரு தடவையாவது கேட்க மாட்டாயா என்று காது அந்தப் போனிலேயே கிடக்கும். நீ கேட்டதில்லை. கேட்காதது சரிதான். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஜெர்மனிக்கு விமானம் ஏறுகிறாய் என்று நேற்று அம்மா சொன்னாள். கனரக வண்டிகளின் எஞ்சினுக்கு மூளை எழுதுகிற வேலையாம். கேட்டதும் சந்தோஷமாக இருந்தது, அடுத்த நிமிஷமே பேனாவைத் தேடினேன். பிள்ளை வெளிநாடு போகும்போது அப்பன்மார் குளிருக்குக் கம்பளி, வேளைக்குச் சாப்பாடு என்று எழுதுவார்கள். அதெல்லாம் அம்மா சொல்லிக்கொள்வாள். நான் ஒரு சாவைப் பற்றி எழுதப்போகிறேன். உன்னைத் தவிர ஒரு வக்கீலும் இதைப் படிக்கப்போகிறார், அவருக்கு லாரியைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. அதனால் உனக்குத் தெரிந்ததையும் விளக்கித்தான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

முதலில் என் கையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கை ஈஞ்சக்கல் பைபாஸ் ஓரத்துப் பட்டறையில் இருபத்தாறு வருஷமாக லாரிகளுக்கு ஒயர் இழுத்த கை. அதே அளவுக்கு அடித்த கையும் கூட. நீ ஏழாம் வகுப்பு படிக்கும்போது பட்டறைக்கு வந்து பாட்டரியைத் தலைகீழாக மாட்டினாய், என் மீட்டர் புகைந்து போயிற்று. கையில் இருந்த ஒயரை மடித்து உன் முதுகில் எத்தனை அடி அடித்தேன் என்று எனக்கு நினைவில்லை. உனக்கு இருக்கும். அன்று வீட்டுக்கு வந்ததும் உன் சட்டையைக் கழற்றிப் பார்த்த உன் அம்மா குக்கர் மூடியை எடுத்து என் மேல் வீசினாள். புருவத்துக்கு மேலே பட்டு ரத்தம் வழிந்தது. 'இன்னொரு வாட்டி அவன்மேல கை வச்சீரு, ஒம்ம கஞ்சியில எதயாவது கலந்து குடுத்துட்டு நான் செயிலுக்குப் போவேன்' என்றாள். அதன் பிறகும் நான் திருந்தவில்லை. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று என் முகத்துக்கு நேராகவே பட்டறைக்காரர்கள் சொல்வார்கள். நான் அதைப் பெருமையாக எடுத்துக்கொண்டு திரிந்தேன். வேலை சுத்தம், கோபம் உண்டு, இதுதான் நான் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன். தூ!

இப்போது வக்கீலுக்காக லாரிக் கதை. கழிவுத் தொட்டியை உறிஞ்சுகிற லாரியில் பம்பைச் சுற்றத் தனி மோட்டார் கிடையாது. லாரியின் எஞ்சினே கியர் பெட்டி வழியாகப் பம்பையும் சுற்றும். அந்த இணைப்பைப் பட்டறையில் பி.டி.ஓ. என்போம். நின்றுகொண்டிருக்கும் லாரியின் எஞ்சின் மெதுவாக முனகிக்கொண்டிருக்கும், அந்த வேகம் பம்புக்குக் காணாது. ஏறக்குறைய இரண்டு மடங்கு வேண்டும். அந்தக் காலத்து வண்டிகளில் ஒரு கேபிளை இழுத்துக் கட்டி வேகத்தை ஏற்றிவிடுவோம். இப்போது எஞ்சினுக்கு ஒரு கம்ப்யூட்டர் பெட்டி இருக்கிறது. டிரைவர் முன்னால் உள்ள வேகச் சுவிட்சைத் தட்டினால், ஒரு ஒயர் வழியாகக் கரண்டு போய், பெட்டி தானே வேகத்தை ஏற்றி விடாமல் பிடித்துக்கொள்ளும். ஆனால் அந்தக் கரண்டு நாலு காவலைத் தாண்டித்தான் போக வேண்டும். பம்பு இணைந்திருக்க வேண்டும். ஹேண்ட் பிரேக் போட்டிருக்க வேண்டும். கியர் நியூட்ரலில் இருக்க வேண்டும். கிளட்ச், பிரேக் இரண்டிலும் கால் இருக்கக் கூடாது. நாலில் ஒன்று தவறினாலும் கரண்டு அறுந்து எஞ்சின் பழைய முனகலுக்கு விழுந்துவிடும். ஆள் அடிபடாமல் இருக்க வைத்த ஏற்பாடு அது. பழுது எங்கே என்று தேடும்போது மட்டும், ஒரு சாண் ஒயரை எடுத்து இந்த நாலையும் ஒதுக்கிவிட்டு வேகச் சுவிட்சிலிருந்து நேரே பெட்டிக்குக் கரண்டு கொடுத்துப் பார்ப்போம். அதற்குப் பெயர் ஜம்பர். பார்த்த மறு நிமிஷம் அதைப் பிடுங்கிவிட வேண்டும். இதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, பத்து பேருக்கு நான் சொல்லியிருக்கிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் துர்காஷ்டமி அன்று மத்தியானம் அப்படியொரு கழிவு லாரி வந்தது. பம்பு ஓடும்போது எஞ்சின் வேகம் திடீர் திடீரென்று விழுகிறது என்று ஷிபு சொன்னான். ஷிபுதான் அதன் டிரைவர், நெடுமங்காட்டுக்காரன். நான் சிவப்பு ஒயர் ஒன்றை வைத்து ஜம்பர் போட்டேன், வேகம் விழாமல் நின்றது, பார்த்துவிட்டு வேகச் சுவிட்சை நானே அணைத்தேன். நியூட்ரலுக்குக் காவலாக இருக்கும் சுவிட்ச் கழிவுநீர் பட்டு அரித்துப் போயிருந்தது. புதியது வாங்கச் சாலைக் கடைவீதிக்கு ஆளனுப்பினால் கடை பூட்டியாகிவிட்டது. அதற்குள் சாயங்காலமும் ஆகிவிட்டது. நம் ஊரான வள்ளியூரில் ஆயுத பூஜை ஒரே நாள். இங்கே மலையாளத்தில் அஷ்டமி சாயங்காலம் ஆயுதத்தைச் சாமி முன்னால் வைத்தால் விஜயதசமி காலை வரை தொடக்கூடாது. கட்டர், டெஸ்ட் லாம்ப், மீட்டர், ஸ்பேனர் எல்லாவற்றையும் சந்தனம் வைத்து அடுக்கினேன். வேலைக்குச் சேர்ந்த புதுசில் பூஜை லீவில் வீட்டிலிருந்த உன்னிடமிருந்து லேப்டாப்பையும் பிடுங்கி வைத்தேன். நீ தலையில் அடித்துக்கொண்டாய். ஜம்பர் லாரியிலேயே கிடந்தது. அது கிடப்பது எனக்குத் தெரியும். தசமியன்று பார்த்துக்கொள்ளலாம் என்று விளக்கை ஏற்றினேன்.

மறுநாள் நவமி. காலை பத்து மணிக்கு லாரி முதலாளி ஷிபுவைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றார். 'அண்ணாச்சி, கழக்கூட்டத்து ஹாஸ்டல்ல டேங்க் நிறைஞ்சு முற்றத்துல வழியுது. வார்டன் என்னெ கொல்லும். வண்டி ஓடுமோ?' என்றார். நான் சொன்னேன்: 'ஓடும், கொண்டு போங்க. தசமி கழிஞ்சு விடுங்க, சுவிட்ச மாத்தித் தாரேன்.' அப்போது நீ பக்கத்தில் நின்றாய். 'அப்பா, ஜம்பர் கெடக்குல்லா, எடுத்துட்டுக் குடுங்க' என்றாய். ஜம்பர் என்றால் என்னவென்று மற்ற இருவருக்கும் தெரியாது. எடுத்தால் பம்பு திரும்பவும் மக்கர் செய்யும், முதலாளி வேறு பட்டறைக்குப் போவார், அது ஒரு பக்கம். 'பூஜையில வச்ச சாமானத் தொடச் சொல்லுதியால?' என்று உன்னிடம் சீறினேன். நீ அமைதியாகத்தான் சொன்னாய்: 'கட்டரே வேண்டாம்ப்பா. கையால இழுத்தா வந்துரும். ஒங்க கையப் பூஜைக்கு வைக்கலியே.' முதலாளி சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்புதான் எனக்குப் பொறுக்கவில்லை. இருபத்திரண்டு வயசுப் பிள்ளையை, சம்பளம் வாங்குகிற பிள்ளையை, வெளி ஆட்கள் முன்னால் மூடிய கையால் வாயில் குத்தினேன். உதடு கிழிந்து சட்டையெல்லாம் ரத்தம். இரண்டாவது தடவை ஓங்கிய கையைப் பிடித்தது ஷிபு. 'அண்ணாச்சி, விடு! வலிய பையனல்லே, இங்ஙனெ அடிக்காமோ?' என்று, வளர்ந்த பையனை இப்படி அடிக்கலாமா என்று கேட்டபடி, உனக்கும் எனக்கும் நடுவில் வந்து நின்றான். அவனையும் நெஞ்சில் கை வைத்துத் தள்ளினேன். 'ஒன் சோலியப் பாருல, வண்டிய எடுத்துட்டுப் போ!' என்றேன். அவன் போனான்.

மூன்று வருஷமாக நான் ராத்திரியும் பகலும் அசை போடுவது இதைத்தான். அடிக்காமல் இருந்திருந்தால் ஷிபுவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருப்பேன். 'வேகம் இன்னிக்குத் தானா விழாது, வண்டிய நகத்துறதுக்கு முன்னால சுவிட்ச அமத்திரு.' இவ்வளவுதான், ஒரு மூச்சில் சொல்லி முடிகிற சங்கதி. சொல்ல வேண்டிய நேரத்தில் என் வாயைக் கோபம் அடைத்துக்கொண்டது. உனக்கு அப்பன் சொல்லும் புத்தி ஒன்று உண்டென்றால் இதுதான். கோபக்காரன் பக்கத்தில் யாரும் எதையும் சொல்ல மாட்டார்கள், அவனும் சொல்ல வேண்டியதைச் சொல்ல மாட்டான். நீ நாளைக்கு எழுதப்போகும் எஞ்சின் மூளையில் எத்தனை காவல் வைத்தாலும், என்னைப் போல ஒருத்தன் ஒரு சாண் ஒயரோடு எங்கேயாவது இருப்பான். அவன் கெட்டவனாக இருக்க வேண்டியதில்லை. அவசரமும் வீம்பும் இருந்தால் போதும். பக்திமானாகக்கூட இருப்பான். சாமி பெயரைச் சொல்லி நான் மறைத்தது என் வீம்பைத்தான், சாமிக்கும் அந்த ஜம்பருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

மத்தியானம் ஒரு மணிக்குப் போன் வந்தது. கிழிந்த உதட்டோடு நீதான் பைக்கில் என்னைக் கூட்டிப்போனாய். ஹாஸ்டலுக்குப் பின்னால் ஒடுங்கிய சந்து. தொட்டி காலியான பிறகு, ஷிபு கிளட்சை மிதித்துப் பம்பை விடுவித்து, ஹோஸைச் சுற்ற வசதியாக லாரியைக் கொஞ்சம் பின்னால் எடுக்க ரிவர்ஸ் போட்டிருக்கிறான். வேகச் சுவிட்சை அவன் என்றைக்குமே அணைத்ததில்லை. கிளட்சை மிதித்ததும் வேகம் தானே விழும், வருஷக்கணக்காக அப்படித்தான் விழுந்தது. அன்று விழவில்லை. கிளட்சை விட்டதும் லாரி பின்னால் பாய்ந்தது. பிரேக்கைக் குத்தினான், எஞ்சின் விட்டுக்கொடுக்காமல் தள்ளியது. வண்டி நிற்பதற்குள் மூன்று அடி போயிற்று. லாரிக்கும் மதிலுக்கும் நடுவில் ஹோஸைச் சுற்றிக்கொண்டிருந்தவன் சுடலை. நம் வள்ளியூர்க்காரன், முப்பத்தாறு வயசு, நான்தான் அந்த வண்டியில் சேர்த்துவிட்டேன். நாம் போனபோது அவனை வெளியே எடுத்துப் படுக்க வைத்திருந்தார்கள். நெஞ்சு இருக்க வேண்டிய இடம் பள்ளமாக இருந்தது. வாயிலிருந்து ரத்தம் நுரையாக வந்துகொண்டிருந்தது. மதிலில் அவன் முதுகளவுக்குச் சாந்து பெயர்ந்திருந்தது. கண் திறந்தே இருந்தது. ஆம்புலன்ஸ் வருவதற்குள் நுரை நின்றுவிட்டது.

அடுத்து நடந்ததை நீ பார்த்தாய். நீ பார்த்தாய் என்று எனக்கும் தெரியும். பத்திருபது பேர் ஷிபுவைக் கீழே போட்டு மிதித்துக்கொண்டிருந்தார்கள். எல்லோர் கண்ணும் அங்கே இருந்தது. நான் நேராக லாரி கேபினில் ஏறினேன். டாஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டேன். ஒரே இழுப்பு. காலையில் முடியாதென்று சொன்ன அதே கையால், கட்டர் இல்லாமல், நீ சொன்ன மாதிரியே ஜம்பரைப் பிடுங்கி வேட்டி மடிப்பில் சொருகினேன். வேகச் சுவிட்சையும் அணைத்தேன். தலையைத் தூக்கினால் கேபின் கதவருகே நீ நிற்கிறாய். நீ கத்தியிருந்தால் நான் அங்கேயே முடிந்திருப்பேன். நான் உன்னைத் தாண்டிக் கீழே குதித்தேன். சீட்டுக்கு அடியில் கிடந்த வீல் ஸ்பேனர் கையில் இருந்தது. 'கொன்னுட்டியேல, எம் புள்ளயக் கொன்னுட்டியே!' என்று கத்திக்கொண்டு ஷிபுவை அடித்தேன். கூட்டம் எனக்கு வழி விட்டது. 'அண்ணாச்சியோட ஊருக்காரனாணு, பாவம்' என்று யாரோ சொன்னார்கள். அந்த இரக்கம் எனக்கு ருசித்தது, அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். தோளில் அடித்தபோது எலும்பு உடைந்த சத்தம் கேட்டது. நிறுத்தவில்லை. காதோடு சேர்த்து இன்னொன்று போட்டேன். அவன் கையெடுத்துக் கும்பிட்டான். 'அண்ணாச்சி, வேகம் விழலை, சத்தியமாயிட்டும் விழலை' என்றான். உலகத்திலேயே அது உண்மை என்று தெரிந்த ஆள் நான். அதனால்தான் அவன் வாயிலேயே அடித்தேன்.

பிறகு போலீஸ் வந்தது. வாகன ஆய்வாளர் லாரியைப் பார்த்தார். நாலு காவலும் ஒயரில் இருக்கின்றன, நியூட்ரல் சுவிட்ச் மட்டும் பழுது, அந்தப் பழுதால் வேகம் விழத்தான் செய்யும், ஏறாது, ஆகவே டிரைவர் ஆக்ஸிலேட்டரை மிதித்திருக்கிறான் என்று எழுதிவிட்டுப் போனார். ஜனக்கூட்டம் அடித்ததில் என் அடியும் கலந்து போயிற்று, தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று நான் மூச்சு விட்டேன். அந்த ஒயரைப் பார்வதி புத்தனாற்றில் எறிந்தேன். சுடலை பெண்டாட்டி இசக்கி ஊரிலிருந்து வந்து ஆஸ்பத்திரி வாசலில் விழுந்து புரண்டாள். 'மாமா, எப்படி மாமா?' என்று என்னைத்தான் கேட்டாள். 'டிரைவரு குடிச்சிருந்தாம்மா' என்று சொன்னேன். ஷிபு வெற்றிலைகூடப் போடாதவன். ஜாமீனுக்கு அவனைக் கொண்டுவந்த நாள் அவள் கோர்ட்டு முற்றத்தில் மண்ணை வாரி அவன் முகத்தில் தூற்றினாள். 'ஓம் வம்சம் வெளங்காது, ஓங் கையி அழுகிப் போவும்' என்று கத்தினாள். அவன் ஒரு கையைக் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டபடி அந்த மண்ணை வாங்கிக்கொண்டு நின்றான். நான் அவள் பக்கத்தில் நின்று அவளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். அன்று சாயங்காலம் நீ உன் பெட்டியை எடுத்துக்கொண்டு வீட்டை விட்டுப் போனாய். உதட்டுத் தையலைக் கேட்டவர்களிடமெல்லாம் பைக்கிலிருந்து விழுந்ததாகச் சொன்னாயாம். நீ ஏன் யாரிடமும் எதையும் சொல்லவில்லை என்று கேட்க எனக்கு வாயில்லை. அப்பனை ஜெயிலுக்கு அனுப்ப மனசு வரவில்லையோ, அம்மாவை நினைத்தாயோ. மாத்திரை போட்டுத்தான் தூங்குகிறாய் என்று அம்மா சொன்னாள். என் பாவத்தை உன் தலையில் ஏற்றிவிட்டு நான் சாப்பிட்டுத் தூங்கி எழுந்திருக்கிறேனே, நானெல்லாம் ஒரு மனுஷனா?

போன வாரம் முதலாளி பட்டறைக்கு வந்தபோது பேச்சோடு பேச்சாக, ஷிபு கேஸ் முடியப்போகிறது, தண்டனை உறுதி, லைசென்ஸும் திரும்பக் கிடைக்காது என்றார். மறுநாள் காலையில் நெடுமங்காட்டுக்கு பஸ் ஏறினேன். தைரியம் வந்து போனேன் என்று நினைக்காதே. பஸ்ஸிலிருந்து இரண்டு தடவை இறங்கி ஏறினேன். ஷிபு ரப்பர் ஷீட் உலர்த்திக்கொண்டிருந்தான். ஒரு பக்கம் காது கேட்காததால் நான் கூப்பிட்டது தெரியவில்லை, முன்னால் போய் நிற்க வேண்டியிருந்தது. நின்று, நடந்ததை எல்லாம் சொன்னேன். அவன் பெண்டாட்டி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவள், செருப்பைக் கழற்றிக்கொண்டு ஓடிவந்தாள். முகத்தில், கழுத்தில், தலையில், அவள் கை ஓயும்வரை அடித்தாள். 'எங்கள் மூணு கொல்லம், நாயே, எங்கள் மூணு கொல்லம்!' என்று ஒவ்வொரு அடிக்கும் கத்தினாள். மூணு வருஷத்தைத்தான் அவள் கேட்டாள். நான் நகரவில்லை. ஷிபு அவளைப் பிடிக்கவில்லை. உன்னை அடித்தபோது நடுவில் வந்து நின்றவன், எனக்கு வரவில்லை. அடி ஓய்ந்த பிறகு அவன் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டான்.

'அந்த ஒயர் நீ எடுத்தது யாரு கண்டு?'

'எம் மகன்.'

'அவன் பறயுமோ?'

அவன் சொல்வானா என்று கேட்டான். ஷிபுவின் வக்கீலிடம் இருவரும் போனோம். நான் மட்டும் சொன்னால் நிற்காது என்று அவர் சொன்னார். மூன்று வருஷம் கழித்து, கையில் ஒயரும் இல்லாமல், அடித்தவனே வந்து சொன்னால் மிரட்டியோ கொடுத்தோ சொல்ல வைத்தார்கள் என்று அரசு வக்கீல் ஊதித் தள்ளிவிடுவாராம். ஜம்பர் கிடந்ததையும் நான் பிடுங்கியதையும் கண்ணால் பார்த்த இன்னொருத்தர் வேண்டுமாம். அப்படி ஒருத்தன்தான் இருக்கிறான், அவன் ஞாயிற்றுக்கிழமை விமானம் ஏறுகிறான். எனக்கு என்ன கிடைக்கும் என்றும் கேட்டேன். சாவுக்குக் காரணமானது, தடயத்தை அழித்தது, ஒருத்தனை முடமாக்கியது, மூன்றுக்கும் உள்ளே போக வேண்டிவரும் என்றார். உன் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவள் அழவில்லை. 'இத அன்னிக்கே சொல்லிருந்தா எம் புள்ள வீட்டுல இருந்திருப்பான்' என்று மட்டும் சொன்னாள். இசக்கியிடமும் சொல்லத்தான் வேண்டும். தீர்ப்பு வரட்டும், நானே ஊருக்கு ஆள் அனுப்புகிறேன், அவள் மண்ணை அள்ளிக்கொண்டு வரட்டும்.

பயணத்தை ஒரு மாசம் தள்ளி வைக்கச் சொல்லி வேலைக்கு எழுது. அடுத்த மாசம் ஏழாம் தேதி, வஞ்சியூர் கோர்ட்டு, காலை பதினொன்று. என்னை மன்னிக்கச் சொல்லவில்லை, வீட்டுக்கு வரச் சொல்லவில்லை, என்னோடு பேசவும் வேண்டாம். நேராகச் சாட்சிக் கூண்டில் ஏறு. ஒயரைப் பிடுங்கியது யார் என்று வக்கீல் கேட்பார். நான் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். கையை நீட்டிக் காட்டு.